மசோதாவிலிருந்து வார்த்தா வரை: மலேசியச் சட்டம் ஒன்றைப் பின்தொடர்வது எப்படி

"மக்களவையில் சட்டம் நிறைவேறியது" என்று செய்தி வந்த மறுநாளே, செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள வாட்ஸ்அப் குழுக்களில் "இனிமேல் இதுதான் சட்டம்" என்று தகவல் பரவிவிடும். பெரும்பாலும் அது உண்மையாக இருக்காது. 18 வயதில் வாக்களிக்கும் உரிமையைத் தந்த அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலை 16ஆம் தேதி மக்களவையில் 211 வாக்குகளுடன் நிறைவேறியது. அந்த வாக்குரிமை நடைமுறைக்கு வந்ததோ 2021 டிசம்பர் 15ஆம் தேதி. இடையில் ஓடிய இரண்டரை ஆண்டும் 18 வயதுப் பிள்ளைகளின் கையில் வாக்கு இல்லை.

சங்கச் செயலாளர், தொழிற்சங்கக் கிளைப் பொறுப்பாளர், நிருபர், சட்டம் படிக்கும் மாணவர் என யாராக இருந்தாலும், ஒரு சட்டத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன் மூன்று காகிதங்களைப் பார்த்தாக வேண்டும். மசோதா, அதன் மீது நடந்த விவாதத்தின் அதிகாரப்பூர்வப் பதிவான ஹன்சார்ட், அமலுக்கு வரும் தேதியைச் சொல்லும் வார்த்தா (அரசிதழ்) அறிவிப்பு. மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்று தெரியாததால்தான் பலரும் பத்திரிகைத் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் விஷயம் நாடாளுமன்றத்துக்கு உரியதுதானா? கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணை, எது கூட்டரசின் அதிகாரம், எது மாநிலத்தின் அதிகாரம், எது இருவருக்கும் பொது என்று பட்டியல் போட்டிருக்கிறது. தொழிலாளர், கல்வி, குடியுரிமை, குற்றவியல் ஆகியவை கூட்டரசின் கையில். நிலம் மாநிலத்தின் கையில். பினாங்கில் கோயில் நிலப் பிரச்சினை என்றால் ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட்டில் உள்ள 40 இடங்கள் கொண்ட மாநிலச் சட்டமன்றத்தைப் பாருங்கள். கோலாலம்பூரில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது.

மசோதாவைக் கண்டுபிடிப்பது

நாடாளுமன்றத்தின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் டேவான் ராக்யாட் (மக்களவை) பகுதிக்குள் 'ரங் உண்டாங்-உண்டாங்' (மசோதா) என்ற பிரிவு இருக்கிறது. மக்களவையில் தொடங்கும் மசோதாவுக்கு டி.ஆர். என்று ஆரம்பிக்கும் எண் இருக்கும், அதன் பின்னால் சாய்கோடும் ஆண்டும் வரும். மேலவையில் தொடங்கியிருந்தால் டி.என். பட்டியலில் மசோதாவின் பெயரோடு முதல் வாசிப்புத் தேதி, இரண்டாம் வாசிப்புத் தேதி, தாக்கல் செய்தவர், நிறைவேறிய தேதி ஆகியவையும் இருக்கும். அந்தத் தேதிகளை உடனே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹன்சார்டைத் திறக்க அவைதான் சாவி.

மசோதாவைத் திறந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டாம். நேரே கடைசிக்குப் போங்கள். அங்கே 'ஹுராய்யான்' என்ற தலைப்பில், ஒவ்வொரு ஃபாசாலும் (மசோதாவின் பிரிவும்) என்ன செய்கிறது என்ற விளக்கம் இருக்கும். அதன் கீழேயே அரசாங்கத்துக்கு ஏற்படும் நிதிச் சுமை பற்றிய குறிப்பும் இருக்கும். சட்ட வாசகத்தைவிட இது படிக்க எளிது. ஆனால் விளக்கம் சட்டத்தின் பகுதி அல்ல என்பதை மறக்கக் கூடாது. விளக்கத்தைப் படித்து எந்த ஃபாசால் உங்களைத் தொடுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்த ஃபாசாலின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள்.

நடைமுறையில் வரும் மசோதாக்களில் பெரும்பகுதி திருத்த மசோதாக்கள். "முதன்மைச் சட்டத்தின் 3ஆவது செக்‌ஷனில் இந்தச் சொல்லை நீக்கி அந்தச் சொல்லைச் சேர்" என்ற பாணியில் எழுதியிருக்கும். சட்டை இல்லாமல் ஒட்டுத்துணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் எதுவும் விளங்காது. சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் சட்ட இணையத்தளத்தில் முதன்மைச் சட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 446ஆவது சட்டத்தைப் பாருங்கள். 1990இல் வந்த அந்தச் சட்டம் முதலில் தோட்ட, சுரங்கத் தொழிலாளர்களின் வீடுகளைக் குறித்தது. 2019இல் வந்த திருத்தம் அதன் பெயரையும் வரம்பையும் மாற்றி மற்றத் துறைகளையும் உள்ளே கொண்டுவந்தது. திருத்தத்தை மட்டும் படிப்பவருக்கு, தோட்ட வீடுகளுக்கு ஏற்கெனவே என்ன விதி இருந்தது என்றே தெரியாது.

மலாய்ப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் இரண்டும் கிடைக்கும். 1967 செப்டம்பருக்குப் பிந்தைய சட்டங்களில், வேறு விதமாக அறிவிக்கப்பட்டிருந்தால் ஒழிய, மலாய்ப் பிரதிதான் அதிகாரப்பூர்வமானது. சந்தேகம் வரும் இடத்தில் மலாய் வாசகத்தைப் பார்த்தே முடிவெடுங்கள்.

மூன்று வாசிப்புகள்

முதல் வாசிப்பில் மசோதாவின் தலைப்பு மட்டுமே வாசிக்கப்படும். விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. 'மசோதா தாக்கல்' என்று செய்தி வந்தால் அது இந்தக் கட்டம். அக்கறை உள்ளவர்கள் வேகமாக இயங்க வேண்டிய நேரமும் இதுவே. இரண்டாம் வாசிப்பு சில நாள்களிலேயே வந்துவிடக்கூடும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவதானால் இப்போதே எழுதுங்கள். "இந்த மசோதா வேண்டாம்" என்று மொட்டையாக எழுதிப் பயனில்லை. எந்த ஃபாசால், அதில் எந்தச் சொல், அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். அவையில் எழுந்து கேட்க அவருக்குத் தேவைப்படுவது அதுதான்.

இரண்டாம் வாசிப்பில்தான் கொள்கை விவாதம். அமைச்சர் மசோதாவை முன்வைத்துப் பேசுவார், உறுப்பினர்கள் பேசுவார்கள், கடைசியில் அமைச்சர் பதில் சொல்லி முடித்துவைப்பார். அந்த நிறைவுரையை மலாயில் 'மெங்குலுங்' என்பார்கள். ஹன்சார்டில் உங்களுக்குக் கிடைக்கும் மிக மதிப்புள்ள பகுதி அதுதான் என்பது எங்கள் கருத்து. "இந்தச் சொல் பகுதி நேர ஊழியரையும் சேர்க்குமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டு, அமைச்சர் "சேர்க்கும்" என்று சொல்லியிருந்தால், அது பதிவாகிவிட்ட வாக்குறுதி. பின்னாளில் அமைச்சிடம் முறையிடும்போது அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டலாம்.

அடுத்தது குழு நிலை. அவை முழுவதும் ஒரு குழுவாக மாறி, ஃபாசால் ஃபாசாலாக எடுத்துக்கொள்ளும். அப்போது சபாநாயகரை 'துவான் யாங் டிபெர்துவா' என்று அழைக்க மாட்டார்கள், தலைமை வகிப்பவர் 'துவான் பெங்கெருசி' ஆகிவிடுவார். ஹன்சார்டைப் படிக்கும்போது இந்த அழைப்பு மாறுவதைப் பார்த்தே நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று கண்டுகொள்ளலாம். மசோதாவின் வாசகம் மாறுவது இங்கேதான். இந்தக் கட்டத்தைக் கவனிக்காமல், தாக்கல் செய்யப்பட்ட பிரதியையே கடைசிச் சட்டம் என்று நம்பி மேற்கோள் காட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. மூன்றாம் வாசிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வாக்கெடுப்பில் கவனிக்க வேண்டியது

வழக்கமான முறை குரல் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் குரல் கொடுப்பார்கள், எதிர்ப்பவர்கள் குரல் கொடுப்பார்கள், எந்தப் பக்கம் அதிகம் என்று சபாநாயகர் அறிவிப்பார். இதில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பெயர்ப் பட்டியல் இருக்காது. "எங்கள் தொகுதி உறுப்பினர் இந்த மசோதாவை ஆதரித்தாரா?" என்ற கேள்விக்குப் பல சட்டங்களில் எழுத்துப்பூர்வமான பதிலே கிடையாது. காரணம் இதுதான்.

பெயர் பதிவாக வேண்டுமானால் 'பெலா பஹாகியான்' என்ற பிரிவு வாக்கெடுப்பு நடக்க வேண்டும். அதைக் கேட்டுக் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்பது மக்களவை விதி. 2020 நவம்பர் 26ஆம் தேதி 2021ஆம் ஆண்டு பட்ஜெட் கொள்கை நிலையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 13 பேர் மட்டுமே எழுந்தார்கள். இரண்டு பேர் குறைந்ததால் குரல் வாக்கெடுப்பே நிலைத்தது. அதே பட்ஜெட் டிசம்பர் 15ஆம் தேதி மூன்றாம் வாசிப்புக்கு வந்தபோது பிரிவு வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 111, எதிர்ப்பு 108. அந்த நாள் ஹன்சார்டைத் திறந்தால் பெயர் பெயராகப் பார்க்கலாம். நவம்பர் 26ஆம் தேதி ஹன்சார்டில் அந்தப் பட்டியலைத் தேடினால் கிடைக்காது.

அரசியலமைப்புத் திருத்தம் என்றால் கணக்கே வேறு. அன்று அவைக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதாது, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 222 பேர் கொண்ட மக்களவையில் 148, 70 பேர் கொண்ட மேலவையில் 47. இரண்டாம் வாசிப்பிலும் வேண்டும், மூன்றாம் வாசிப்பிலும் வேண்டும். வராதவர் வாக்கு எதிர்த்து விழுந்த வாக்குக்குச் சமமாகிறது. கட்சித் தாவல் தடைக்கான திருத்தம் 2022 ஜூலை 28ஆம் தேதி 209 வாக்குகளுடன் நிறைவேறியது.

மேலவை, மாமன்னர்

மக்களவை தாண்டிய மசோதா மேலவைக்குப் போகும். 70 செனட்டர்களில் 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்புகின்றன, மாநிலத்துக்கு இருவர் வீதம். மற்ற 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுபவர்கள். மேலவையைச் சடங்குக்கு இருக்கும் அவை என்று ஒதுக்கிவிடுவது தவறு. பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை மக்களவை 2018 ஆகஸ்டில் நிறைவேற்றியது. செப்டம்பரில் மேலவை அதை நிராகரித்தது: எதிர்ப்பு 28, ஆதரவு 21. அரசியலமைப்பின் 68ஆவது விதிப்படி சாதாரண மசோதாவை மேலவை ஓராண்டு வரை தள்ளிப்போட முடியும். அதனால் மக்களவை 2019 அக்டோபரில் மறுபடியும் அதை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. டிசம்பரில் மேலவையும் ஏற்றுக்கொண்டது. பண மசோதாவாக இருந்திருந்தால் மேலவையால் ஒரு மாதத்துக்கு மேல் தடுத்திருக்க முடியாது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இந்தக் குறுக்கு வழி கிடையாது, மேலவையின் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தே ஆக வேண்டும்.

இரு அவைகளையும் கடந்த மசோதா மாமன்னரிடம் போகிறது. 30 நாள்களுக்குள் அவர் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டாலும் அந்த 30 நாள் முடிந்ததும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்பட்டு மசோதா சட்டமாகிவிடும். இது 66ஆவது விதியின் 4ஏ உட்பிரிவு.

ஹன்சார்டின் ஒரு பக்கம்

ஹன்சார்டின் முழுப் பெயர் 'பென்யாத்தா ரஸ்மி பார்லிமென்'. மக்களவை ஹன்சார்டுகள் 1959 முதல் இணையத்தளத்தில் இருக்கின்றன. கோப்பு ஒவ்வொன்றும் ஒரு நாள் அமர்வு. 2019 ஜூலை 16 அமர்வைத் தேடுவதானால் நாடாளுமன்றம் 14, பெங்கல் (கூட்டத்தொடர்) 2, கூட்டம் 2 என்ற வரிசையில் இறங்க வேண்டும். தேதியை முன்பே எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தேதி தெரியாமல் இந்த அடுக்குகளுக்குள் போனால் அரை நாள் வீண்.

முகப்பில் 'நஸ்கா பெலும் டிசெமாக்' என்று இருந்தால் அது இன்னும் சரிபார்க்கப்படாத பிரதி. அதை மேற்கோள் காட்டலாம், ஆனால் 'சரிபார்க்கப்படாத பிரதி' என்று குறிப்பிடுங்கள். அடுத்து உள்ளடக்கப் பக்கம். கேள்விகள், மசோதாக்கள், தீர்மானங்கள் எல்லாம் பக்க எண்ணோடு இருக்கும். 300 பக்கக் கோப்பை உருட்டிக்கொண்டிருக்காமல் இங்கிருந்தே தாவுங்கள்.

உள்ளே ஒரு பக்கத்தை உற்றுப் பார்ப்போம். தலைப்பில் டி.ஆர். என்ற எழுத்தும் தேதியும் இருக்கும். பேசுபவரின் பெயர் தடித்த எழுத்தில், பக்கத்தில் சதுர அடைப்புக்குள் தொகுதி: பாகான், பத்து கவான், ஜெலுத்தோங். அவையில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "யாங் பெர்ஹொர்மாட் பாகான்" என்று தொகுதியைச் சொல்லித்தான் அழைப்பார்கள். ஆகவே உங்கள் உறுப்பினர் பெயரை மட்டும் தேடினால் அவர் பேசியது கிடைக்கும், மற்றவர்கள் அவருக்குச் சொன்ன பதில் தப்பிவிடும். தொகுதிப் பெயரையும் தேடுங்கள். ஓரத்தில் சிறிய கறுப்புக் கட்டமும் அதை ஒட்டி 1040 போன்ற நான்கு இலக்கமும் வரும். அது நேரம், காலை 10.40. நாடாளுமன்றத்தின் யூடியூப் பதிவில் அதே இடத்தைப் பிடிக்க இது உதவும். பேச்சின் நடுவே 'டெங்கான் இசின்' என்ற சொல் மீண்டும் மீண்டும் வரும். மலாய்ப் பேச்சில் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தும் உறுப்பினர் அவையின் அனுமதி கேட்பது அது. சதுர அடைப்புக்குள் 'தெப்போக்' என்றால் கைத்தட்டல், 'கெத்தாவா' என்றால் சிரிப்பு, 'டேவான் ரியோ' என்றால் அவையில் அமளி. ஒலிவாங்கி இல்லாமல் இரைச்சலில் கத்தியதெல்லாம் பதிவாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காணொளியில் கேட்டது ஹன்சார்டில் இல்லை என்றால், உடனே மறைத்துவிட்டார்கள் என்ற முடிவுக்கு வராதீர்கள்.

மசோதாவின் முடிவைச் சொல்லும் வாசகங்கள் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் தேடுவது சுலபம். 'டிபாச்சாக்கான் காலி யாங் கெடுவா' என்று வந்தால் இரண்டாம் வாசிப்பு முடிந்தது. 'டெங்கான் பிண்டாஆன்' என்று வந்தால் குழு நிலையில் திருத்தம் ஏற்கப்பட்டது, 'தன்பா பிண்டாஆன்' என்றால் திருத்தம் எதுவும் இல்லை. 'காலி யாங் கெத்திகா டான் டிலுலுஸ்கான்' என்றால் மூன்றாம் வாசிப்பு முடிந்து நிறைவேறியது. கோப்பில் முதலில் 'பிண்டாஆன்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். 'டெங்கான்' என்று கிடைத்தால் கையிலுள்ள பழைய மசோதாப் பிரதியை நம்ப வேண்டாம்.

இரண்டு தொல்லைகளை எதிர்பார்த்தே இருங்கள். பழைய ஆண்டுகளின் ஹன்சார்டுகள் ஸ்கேன் செய்யப்பட்டவை, சொல் தேடல் பல இடங்களில் வேலை செய்யாது, உள்ளடக்கப் பக்கத்தை நம்பிக் கண்ணால்தான் தேட வேண்டும். அடுத்தது கேள்வி நேரம். வாய்மொழிப் பதிலுக்குக் கொடுத்த கேள்விகளில் நேரம் போதாமல் நின்றுபோனவற்றுக்கு எழுத்துவழிப் பதில் கொடுக்கப்படும். அது அன்றைய விவாதப் பதிவில் இருக்காது. 'ஜவாபான் பெர்துலிஸ்' என்ற தனித் தொகுப்பில் தேடுங்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கான ஒதுக்கீடு போன்ற எண்கள் நிறைந்த பதில்கள் பலவும் அங்கேதான் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுப்பவர் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

மேற்கோள் காட்டும்போது அவை, தேதி, பக்கம், பேசியவர், தொகுதி ஆகிய ஐந்தையும் கொடுங்கள். சரிபார்த்த பிரதி வரும்போது பக்க எண் மாறக்கூடும் என்பதால் ஓரத்து நேரத்தையும் சேர்ப்பது நல்லது. அவையில் பேசியதற்காக உறுப்பினருக்கு 63ஆவது விதி தரும் பாதுகாப்பு, அதை வெளியே எடுத்துத் தன் கருத்துபோல் பரப்புபவருக்கு அப்படியே வந்துவிடாது. பேசியவர் பெயரோடும் முன்பின் வாக்கியங்களோடும் சேர்த்தே கொடுங்கள்.

அமலுக்கு வரும் தேதி

சட்டம் வார்த்தா என்ற அரசிதழில் வெளியானதும் அதற்கு ஓர் எண் கிடைக்கும். திருத்தச் சட்டமாக இருந்தால் எண்ணுக்கு முன்னால் 'ஏ' என்ற எழுத்து இருக்கும். கட்சித் தாவல் தடைத் திருத்தம் ஏ1663. மசோதாவில் ஃபாசால் என்று இருந்தவை இப்போது செக்‌ஷன் ஆகிவிடும். அட்டையை அடுத்த பக்கத்தில் இரண்டு தேதிகள் அச்சாகியிருக்கும்: அரச ஒப்புதல் கிடைத்த நாள், வார்த்தாவில் வெளியான நாள். பலர் இந்த இரண்டாவது தேதியைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். 1ஆவது செக்‌ஷனையும் படியுங்கள். "அமைச்சர் வார்த்தா அறிவிப்பின் மூலம் நிர்ணயிக்கும் தேதியில் அமலுக்கு வரும்" என்று அங்கே இருந்தால், அந்தத் தேதி இன்னொரு காகிதத்தில் இருக்கிறது. வெவ்வேறு செக்‌ஷன்களுக்கு வெவ்வேறு தேதி வைக்கவும் அமைச்சருக்கு இடம் கொடுத்திருக்கலாம்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வார்த்தாவில் வந்தது, அமலுக்கு வந்தது 2013 நவம்பர் 15. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் 2023 ஏப்ரலில் இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூலை 4ஆம் தேதி அமலுக்கு வந்தது. 446ஆவது சட்டத்தின் திருத்தம் 2019 ஜூலையில் மக்களவையைத் தாண்டியது, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூன் 1.

இந்தத் தேதி அறிவிப்பு மின்-வார்த்தா இணையத்தளத்தில் பி.யூ.(பி) வரிசையில் வெளிவரும். சட்டத்தின் கீழ் அமைச்சர் போடும் விதிகளும் ஆணைகளும் பி.யூ.(ஏ) வரிசையில் வரும். சட்டத்தின் மலாய்ப் பெயரைப் போட்டு இரண்டு வரிசைகளிலும் தேடுங்கள். கட்டணம் எவ்வளவு, எந்தப் பாரத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் பெரும்பாலும் சட்டத்தில் இருக்காது, பி.யூ.(ஏ) விதிகளில்தான் இருக்கும். தேதி அறிவிப்பு எங்கும் கிடைக்கவில்லை என்றால் அந்தச் செக்‌ஷனை இன்னும் யார் மீதும் சுமத்த முடியாது. அப்போது உங்கள் உறுப்பினரிடம், அமைச்சரை நோக்கி ஒரே ஒரு கேள்வி போடச் சொல்லிக் கேளுங்கள்: இந்தச் சட்டத்தின் இந்தச் செக்‌ஷன் எந்தத் தேதியில் அமலுக்கு வருகிறது, தாமதத்துக்குக் காரணம் என்ன? வரும் பதில் ஹன்சார்டிலோ எழுத்துவழிப் பதில் தொகுப்பிலோ தேதியோடு பதிவாகிவிடும்.